டிரெஸ்ஸர் மகன் சொன்ன நாற்பது நாள்

அத்தியாயம் 11

எர்னஸ்டின் குரலை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பத்து வாரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம்.

புக்கிட் ரோத்தானில் வசிக்கும் எர்னஸ்டுக்கு வயது அறுபத்திரண்டு. செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். தோட்டத்து மக்களுக்கு டாக்டர், மருந்துக்காரர், பிரசவம் பார்ப்பவர் எல்லாம் அந்த ஒரு மனிதர்தான். தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை இடித்து, ஜனங்கள் ஆளுக்கொரு பக்கம் குடியேறி இருபது வருடம் ஓடிவிட்டது. ஆனாலும் அவர்களுக்கு எர்னஸ்ட் இன்னும் 'டிரெஸ்ஸர் ஐயா மகன்'தான். எடைக் கிராணி வாயைத் திறந்தாலும் டிரெஸ்ஸர் பேசுவதாகவே அவர்கள் காதில் விழும். இந்தக் குடும்பத்தின் தலைவலி எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

தினமும் காலை ஆறரைக்கு 'காலைக் கசாயம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் எர்னஸ்ட் குரல் பதிவு போடுவார். பாதி வேப்பிலை, பாதி நாட்டு நடப்பு. கேட்பவர்கள் இருநூற்றுப் பதினெட்டுப் பேர். வேப்பிலையும் பாகற்காயும் சாப்பிட்டு நாற்பதே நாளில் இனிப்பு நீர் வியாதியை விரட்டியவர் என்று அவருக்கு அங்கே ஒரு பெயர் உண்டு.

அந்தப் பெயர் பொய் என்பது அவர் மனைவி ரோசரிக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன், 'நானே சாட்சி' என்று குழுவில் முழங்கிய இரண்டே மாதத்தில் ஏழுக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை பத்தொன்பதைத் தொட்டுக் குளியலறையில் விழுந்தார் மனிதர். அன்று தொட்டு மாத்திரை. உள்ளூர் கிளினிக்கில் வாங்கினால் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடும் என்று, மாதாமாதம் ரோசரி சிகிஞ்சான் வரைக்கும் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து பிஸ்கட் டின்னில் ஒளித்து வைக்கிறாள். சொன்னதைத் திரும்பப் பெற அவருக்கு வெட்கம். வெட்கத்தை மறைக்க இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசினார். உரக்கப் பேசப் பேச, கேட்பவர்களும் கூடிப்போனார்கள்.

போன வாரம் அந்த டின்னை மகள் சூசன் திறந்து பார்த்துவிட்டாள். பார்த்தும் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இந்த வியாழக்கிழமை முழுக்கத் தன்னையே கேட்டுக்கொள்ளப் போகிறாள், பாவம்.

சூசன் மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்ததும், இரவில் புதிதாக வந்து சேர்ந்தவர்களின் பட்டியலைப் பார்த்தாள். பதினோராம் கட்டில், அன்னம்மா.

அன்னம்மா வேற்றாள் இல்லை. ஒரே தோட்டம், ஒரே மாதா கோயில். சூசனின் அப்பாவை அண்ணே என்று கூப்பிடுகிறவள். சூசன் சிறுமியாக முதல் நற்கருணை, புதுநன்மை வாங்கிய அன்று அவளுக்கு வெள்ளை கவுன் தைத்துக் கொடுத்தவள்.

சூசன் போர்வையை விலக்கினாள். இடது காலில் இரண்டு விரல்கள் கரியாகக் கறுத்திருந்தன. பாதம் முழுக்க வீக்கம். ரத்தத்தில் சர்க்கரை இருபத்து நான்கு.

"எத்தன நாளா ஆன்ட்டி இப்பிடி?"

"பத்து நாளு இருக்கும்மா. செருப்பு கடிச்சது. ஆறிடும்னு விட்டுட்டேன்."

"மாத்திர போட்டீங்களா இல்லையா?"

அன்னம்மா மகனைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவள் மகன் ஃபிரான்சிஸ் சூசனையே பார்த்துக்கொண்டிருந்தான். லோரி ஓட்டுகிறவன், இரவெல்லாம் தூங்காத கண்கள்.

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார். இளம் வயது மலாய்ப் பெண். பேச்சு நிதானமாக இருந்தாலும் சேதி நிதானமாக இல்லை. இரண்டு விரல்களையும் இன்றே எடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு ஆபரேஷன். தாமதித்தால் விஷம் மேலே ஏறும், அப்புறம் முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போய்விடும். தாளில் கையெழுத்து வேண்டும்.

அன்னம்மா தலையை ஆட்டி மறுத்தாள். டாக்டர் ஃபிரான்சிஸிடம் திரும்பி, எதற்காக மருந்தை நிறுத்தினார்கள் என்று மலாயில் கேட்டார்.

ஃபிரான்சிஸ் போனை எடுத்தான். ஒரு பதிவைத் தட்டினான். வார்டு முழுக்க அந்தக் குரல் கேட்டது.

"அன்பு உறவுகளே, காலை வணக்கம். நேத்துப் பேப்பர்ல பாத்தீங்களா? ஸ்கூல் பையன் பையில வேப் சிகரெட்டு. கேக்க ஆளில்ல. அப்பன் ஓவர்டைம், ஆத்தா புக்கிட் பெருந்துங் ஃபேக்டரியில ஷிஃப்டு. வீட்டுல அடுப்பு எரியல, போன்ல தட்டினா சோறு வருது. வீடு கெட்டா ஒடம்பு கெடும், உறவுகளே. நம்மள நோயாளியாவே வெச்சிருக்கணும்னு மாத்திர கம்பெனிக்காரன் நெனைக்கிறான். சாகுற வரைக்கும் போடுன்னு சொல்றது ஒரு வைத்தியமா? தூக்கி லோங்காங்குல போடுங்க. காலையில வேப்பங்கொழுந்து, மத்தியானம் பாகக்கா. நாப்பது நாளு, விசுவாசத்தோட. நானே சாட்சி."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. சூசனைப் பார்த்து, என்ன சொல்கிறார், மொழிபெயர்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

சூசன் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியமாக மலாயில் சொன்னாள். தமிழில் கேட்கும்போது அப்பாவுடைய வழக்கமான பேச்சு. காலைத் தேநீரோடு காதில் விழுந்து மறைகிற பேச்சு. தன் வாயால் இன்னொரு மொழியில் எடுத்து வைத்தபோது, அதற்குள் என்ன இருந்தது என்று முதல் தடவையாகத் தெரிந்தது. மருந்தை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், போடச் சொன்ன இடமும் வந்தது. அதையும் சொல்லி முடித்தாள்.

"யார் இவர்? டாக்டரா?" என்றார் டாக்டர்.

"இல்லை. யாரோ தோட்டத்து ஆள். பென்சன்காரர்."

யாரோ. சொல்லிவிட்டாள். சொன்ன வார்த்தை காற்றில் கரைவதற்குள் ஃபிரான்சிஸைப் பார்த்தாள். அவன் காட்டிக்கொடுக்கவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டான். அந்தப் பார்வைக்குப் பதில் அவன் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

டாக்டர் போன பிறகு அன்னம்மா சூசனின் கையைப் பிடித்தாள்.

"ஒங்கப்பா வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்மா. அண்ணன் வெட்டச் சொன்னா வெட்டிக்கிறேன். இன்னிக்கு முப்பத்தி நாலாவது நாளு. இன்னும் ஆறே நாளு. மாதாகிட்ட நேந்துக்கிட்டு ஆரம்பிச்சது, பாதியில விடச் சொல்றீங்க."

அவளுக்கு அது வைத்தியம் அல்ல, நேர்த்திக்கடன். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து நாற்பது நோன்பு நாள் போல அதையும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். கூட்டி வருகிறேன் என்று மட்டும் சூசன் சொன்னாள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து சூசன் வீட்டுக்கு வந்தபோது எர்னஸ்ட் கூடத்தில் மூக்குக் கண்ணாடியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாளைய பதிவுக்காகச் சீனி விலைச் செய்தி ஒன்றைச் சிவப்பு மையில் கட்டம் கட்டி வைத்திருந்தார். ரோசரி சமையல்கட்டில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அன்னம்மா ஆன்ட்டிக்கு ரெண்டு விரல எடுக்கணும்ப்பா. கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க. நீங்க வந்து சொன்னாத்தான் போடுவாங்களாம்."

எர்னஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த அன்னம்மா? நம்ம அன்னம்மாவா?"

"நம்ம அன்னம்மாதான். ஒங்க பதிவக் கேட்டு மாத்திரைய நிறுத்தியிருக்காங்க. முப்பத்தி நாலு நாளாச்சு."

"நான் அவளுக்குன்னு சொல்லலியே. பொதுவா சொன்னது லா அது. வயசானவங்க, புண்ணு உள்ளவங்க எல்லாம் அவங்கவங்க பாத்துக்கணும்."

"அத சொன்னீங்களா?"

"இந்த ஆஸ்பத்திரிக்காரங்க மட்டும் என்னா..." என்று தொடங்கினார் எர்னஸ்ட். அது அவருக்குப் பழகிய பாதை. ஆஸ்பத்திரி, அங்கிருந்து அரசாங்கம், அங்கிருந்து இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று முக்கால் மணி நேரம் போகக்கூடியவர். ஆனால் ரோசரி சமையல்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். பிஸ்கட் டின்னை மேசைமேல், அந்தச் சிவப்புக் கட்டத்துக்கு மேலேயே வைத்தாள். மூடியைத் திறக்கவில்லை.

எர்னஸ்டின் முகத்தில் ஈயாடவில்லை. மகளைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்ப்பா. போன வாரமே பாத்துட்டேன்."

"ஒங்க அப்பா எப்பிடி மருந்து குடுப்பாரு, ஞாபகம் இருக்குதா?" என்று புருஷனைக் கேட்டாள் ரோசரி. "முழுங்கினப்புறம் வாயத் தொறக்கச் சொல்லி, நாக்க மேல தூக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் அனுப்புவாரு. நானே வாயத் தொறந்து காட்டியிருக்கேன். அவரு பேர வெச்சுத்தானே ஒங்க பேச்ச எல்லாரும் கேக்குறாங்க."

"நீ மட்டும் யோக்கியமா? மூணு வருஷமா வாங்கிட்டு வந்து ஒளிச்சு வெச்சவதானே."

"ஆமா. அதுக்குத்தான் நானும் வாறேன்."

எர்னஸ்ட் எழுந்து வெள்ளைச் சட்டையை மாட்டினார். "சைன் பண்ணச் சொல்றேன். அவ்வளவுதான். மத்ததெல்லாம் அங்க பேச வேண்டியதில்ல. என்னா?"



வார்டுக்குள் நுழைந்தபோது மணி நாலு. பார்வையாளர் நேரம். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஆட்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "டிரெஸ்ஸர் ஐயா மகனா? தெனமும் ஒங்களத்தான் கேக்குறோம்" என்று கும்பிட்டாள். வழக்கமாக இதற்கு எர்னஸ்ட் நின்று நலம் விசாரிப்பார். இன்று தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்.

அவரைக் கண்டதும் அன்னம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியைப் பார்க்கத்தான் ரோசரிக்குத் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எர்னஸ்ட் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"சைன் பண்ணிடு அன்னம்மா. டாக்டருங்க படிச்சவங்க."

"என்னாண்ணே இப்பிடிச் சொல்றீங்க? ஆறு நாளுதானே இருக்கு."

"அது வேற, இது வேற. இது புண்ணு."

"நீங்களும் அப்ப மோசமாத்தானே இருந்தீங்க. விசுவாசத்தோட முடிச்சு எந்திரிச்சீங்க. ஒங்களுக்குக் கேட்டது எனக்கு ஏண்ணே கேக்கல? நான் ஒரு நாளுகூட விடல. கோயில் விருந்துல கூட பாகக்காதான் தின்னேன்." அவள் தன் காலைப் பார்த்தாள். "நான் என்னா பாவம் செஞ்சேன்?"

இருநூற்றுப் பதினெட்டுப் பேரிடம் தடங்கலில்லாமல் பேசுகிறவர், ஒருத்தியிடம் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார். தன் பாவம்தான் என்ன என்று அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கேக்கல அன்னம்மா."

"என்னாண்ணே?"

"எனக்குக் கொணமாகல. நான் மாத்திர போடுறேன். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. மூணு வருஷமாச்சு. வேப்பிலைய நம்பி விழுந்து, செத்துப் பொழச்சேன். அத நான் குரூப்புல சொல்லல."

அடுத்த கட்டிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கும்பிட்ட பெண் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எர்னஸ்டின் காது மடல்கள் வரைக்கும் சிவந்திருந்தன. அவர் தரையையே பார்த்தார்.

அன்னம்மா அவரைப் பார்க்கவில்லை. ரோசரியைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"ஞாயித்துக்கெழம கோயில்ல என் பக்கத்துலதானே ஒக்காந்தீங்க. நான் எத்தனாவது நாளுன்னுகூட கேட்டீங்களே."

ஆமாம், ரோசரி கேட்டாள். முப்பது என்றாள் அன்னம்மா. நல்லது என்று சொல்லிவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள் ரோசரி. புருஷனுடைய மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் அப்போது நினைத்தாள். இப்போது அந்தக் கால் விரல்களுக்கு முன்னால் நிற்கக் கூசியது.

அன்னம்மா போர்வையை மெல்ல இழுத்துத் தன் காலை மூடிக்கொண்டாள், அவர்கள் அதைப் பார்க்க வேண்டாம் என்பது போல. பிறகு மகனிடம், "பேனாவக் குடுய்யா" என்றாள்.

ஃபிரான்சிஸ் தாளைப் பிடித்துக்கொண்டான். கோணல் மாணலாகத் தன் பெயரை எழுதினாள்.

டாக்டர் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். காலையில் முடியாதது இப்போது எப்படி முடிந்தது, இவர்கள் யார் என்று சூசனிடம் மலாயில் கேட்டார். சூசனுக்கு இன்னொரு தடவை தப்பிக்க வழி இருந்தது. உறவுக்காரர்கள் என்று சொன்னால் போதும்.

"இவர் என் அப்பா. காலையில் நீங்கள் கேட்டது இவருடைய குரல். யாரோ என்று நான் சொன்னது பொய்."

டாக்டர் எர்னஸ்டை ஒரு முறை பார்த்தார். அடுத்த கட்டிலுக்குப் போனார். மலாய் புரியாதவரா எர்னஸ்ட்? முப்பது வருடம் ஆலையில் இருந்தவர். மகள் தன்னை யாரோ என்று சொன்னதும், இப்போது அப்பா என்று சொன்னதும் இரண்டும் அவருக்கு விளங்கின. எது அதிகம் வலித்தது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

போகலாமா என்று ரோசரி கண்ணால் கேட்டாள். அப்போது அன்னம்மா, "அண்ணே" என்றாள். பழகிய வாய்க்கு அந்த வார்த்தையை உடனே விட முடியவில்லை போலும்.

"சபாக்குல எந்தங்கச்சி விமலா இருக்கால்ல. ஒங்க பதிவெல்லாம் அவளுக்கு நாந்தான் அனுப்புவேன். போன வாரம் குரூப்புலயும் சேத்து விட்டேன். அவ இன்சுலின் ஊசி போட்டுக்கிறவ. வேணாம்னுதான் சொன்னா. நாந்தான் சண்ட போட்டு நிறுத்த வெச்சேன். டிரெஸ்ஸர் ஐயா மகன் பொய் சொல்வாரான்னு கேட்டேன்."

"எப்ப ஆன்ட்டி நிறுத்தினாங்க?" என்று குறுக்கிட்டாள் சூசன். குரலில் நர்ஸ் வந்துவிட்டாள்.

"அஞ்சாறு நாளு இருக்கும். நேத்து மத்தியானத்துலேருந்து போன எடுக்கல. என் மேல கோவம்னு நெனச்சேன். வீட்டுல தனியாத்தான் இருக்கா."

சூசன் அப்பாவைப் பார்த்தாள். மாத்திரையை நிறுத்துவது ஒன்று, ஊசியை நிறுத்துவது வேறு, சில நாளிலேயே உயிர் போகலாம் என்று அவளுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்து எல்லாருக்கும் தெரிந்தது.

"நான் போறேன் ஆயி" என்று தாயிடம் சொல்லி ஃபிரான்சிஸ் லோரி சாவியை எடுத்தான்.

"நீ இங்க இரு. ஒங்கம்மாவ உள்ள கொண்டு போவப் போறாங்க," என்றார் எர்னஸ்ட். "நான் போறேன். நாந்தான் போவணும்."

ஃபிரான்சிஸ் அவருக்கு வழி விட்டான். சித்தியின் வீட்டு அடையாளத்தை மட்டும் சொன்னான். அங்கிள் என்று கூப்பிடவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் வெயில் இன்னும் சாயவில்லை. விமலா வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லி சூசன் யார் யாருக்கோ போன் செய்துகொண்டே பின்னால் ஏறினாள். ரோசரி முன்னால் உட்கார்ந்தாள். எர்னஸ்ட் சாவியைத் திருகினார், ஆனால் காரை நகர்த்தவில்லை. போனை எடுத்துக் குழுவைத் திறந்தார்.

'அன்பு உறவுகளே' என்று வாய் தானாகப் போனது. நிறுத்தி அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

"எர்னஸ்ட் பேசுறேன். இனிப்பு நீருக்கு மாத்திர, ஊசி நிறுத்தினவங்க யாரா இருந்தாலும் இப்பவே கிளினிக்குக்குப் போங்க. நாளைக்கு வேணாம், இப்பவே. எனக்கு வேப்பிலையில கொணமாகல. நான் மூணு வருஷமா மாத்திர போடுறேன். ஒங்ககிட்ட பொய் சொன்னேன். அன்னம்மாவுக்கு விரல எடுக்கப் போறாங்க, அதுக்கு நாந்தான் காரணம். சபாக்குல யாராவது இருந்தா விமலா வீட்டுக்கு ஓடிப் போய்ப் பாருங்க. கேட்டவங்க கேட்டேன்னு எழுதுங்க."

முக்கால் நிமிடப் பதிவு. அனுப்பினார். போனை மடியில் வைத்துக்கொண்டு திட்டு வரும் என்று காத்திருந்தார். வந்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

ஐந்து வினாடிகூட ஆகவில்லை. கும்பிடும் கைகள் வர ஆரம்பித்தன. அடுத்து ஒரு ரோஜாப்பூ. 'அருமையான தகவல் ஐயா' என்று ஒருவர். 'இன்று இரண்டாவது பதிவா, மகிழ்ச்சி' என்று இன்னொருவர். மறுபடி கைகள். ஒருவரும் இன்னும் கேட்டிருக்கவில்லை.

விமலாவிடமிருந்து ஒன்றும் இல்லை. எர்னஸ்ட் போனை ரோசரியிடம் கொடுத்துவிட்டு, காரை சபாக் சாலைக்குத் திருப்பினார். வழியெல்லாம் அவள் மடியில் அது டிங் டிங் என்று நன்றி சொல்லிக்கொண்டே வந்தது.